மின் லாக்புக் செல்லுமா? பைலட்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லாக்புக் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "இந்த ஆப்பில் எழுதினால் செல்லுமா சார்?" மாணவர்களுக்கும், லைசென்ஸை வேறு நாட்டுக்கு மாற்றப் போகிறவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விமானத்தோடு போகிற பயணக் குறிப்பேடும் பராமரிப்புக் குறிப்பேடும் வேறு சங்கதி. இது பைலட் தான் பறந்த நேரத்தை எழுதித் தன் பெயரில் வைத்திருக்கும் லாக்புக்கைப் பற்றி மட்டும்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், செல்லுமா செல்லாதா?

செல்லும். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று எங்கே பார்த்தாலும் மின் வடிவப் பதிவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் என்னென்ன விவரம் இருக்க வேண்டும், யார் கையொப்பம் போட வேண்டும், கேட்கும்போது எப்படிக் காட்ட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தகராறு எல்லாம் அங்கேதான் வருகிறது.

எந்த ஆப் அங்கீகாரம் பெற்றது? பட்டியல் ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ தனிப்பட்ட பைலட்டுகளின் லாக்புக் மென்பொருள் எதற்கும் அங்கீகாரம் தருவதில்லை. அதன் விதி 61.51, பயிற்சியையும் பறப்பு அனுபவத்தையும் ஆணையத்துக்கு ஏற்புடைய முறையில் பதிவு செய்து வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் விதி எஃப்சிஎல் 050. பறந்த எல்லாப் பறப்புகளின் விவரத்தையும், அந்தந்த நாட்டு ஆணையம் வகுத்த வடிவத்திலும் முறையிலும், நம்பகமான பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்பு என்பது பதிவுக்குத்தான், ஆப்புக்குக் கிடையாது. விளம்பரத்தில் 'ஈயாசா அங்கீகாரம்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அச்சிடும் பக்கத்தின் கட்டங்கள் ஈயாசா மாதிரிப் படிவத்தோடு ஒத்துப்போகின்றன என்றுதான் அர்த்தம். அது பயனுள்ள விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பதிவில் உள்ள ஓட்டைக்கு ஆப் நிறுவனம் பொறுப்பேற்காது.

விமான நிறுவனங்களின் கதை வேறு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் மின் பதிவும் மின் கையொப்பமும் பயன்படுத்த, ஏ025 என்ற எண்ணுள்ள இயக்க அனுமதியைப் பெற வேண்டும். இதைப் படித்துவிட்டு தனக்கும் அந்த அனுமதி வேண்டுமோ என்று பயப்படும் தனிப் பைலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அது நிறுவனங்களுக்கு மட்டும்.

இந்தியாவிலும் அப்படித்தானா?

இல்லை. இந்திய விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ, பதிவு செய்யும் இடத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில் முறையாகத் தொடங்கப்பட்ட அதன் ஈஜிசிஏ தளத்தில் பைலட்டுக்கான மின் லாக்புக்கும் ஒரு பகுதி. பைலட் பறப்பை ஏற்றுகிறார், பயிற்சிப் பள்ளியோ விமான நிறுவனமோ அதைச் சரிபார்க்கிறது. உங்கள் ஃபோனில் எவ்வளவு அழகான ஆப் இருந்தாலும் அது உங்கள் சொந்த நகல்தான். ஆணையம் பார்க்கப்போவது தன் தளத்தில் இருப்பதை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் பார்த்துவிடுங்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் உட்கார்ந்து வித்தியாசம் தேடுவது பெரிய வேதனை.

மின் லைசென்ஸ் வந்துவிட்டதே, லாக்புக்கும் அதற்குள் அடங்கிவிடாதா?

அடங்காது. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் அறிமுகமான மின் லைசென்ஸ், நீங்கள் யார், எதை ஓட்ட உரிமை உண்டு என்பதைக் காட்டும். எவ்வளவு பறந்தீர்கள் என்பதற்கு லாக்புக்தான் சாட்சி.

ஒவ்வொரு பதிவிலும் என்னென்ன இருக்க வேண்டும்?

தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், விமானத்தின் வகை, பதிவு எண், மொத்த நேரம், நீங்கள் எந்தப் பொறுப்பில் இருந்தீர்கள் (பிஐசி என்னும் பொறுப்பு விமானி, துணை விமானி, பயிற்சி பெறுபவர், பயிற்றுநர்), பகலா இரவா, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டிய நேரம், தரையிறக்கங்கள். சிமுலேட்டர் நேரம் என்றால் எந்தச் சாதனம் என்பதும் வேண்டும், அதை நிஜப் பறப்பு நேரத்தோடு கூட்டிவிடக் கூடாது. ஐரோப்பாவில் பிஐசி பெயருக்கும் தனிக் கட்டம் உண்டு. நிறைய பேர் அதைக் காலியாக விடுகிறார்கள், விடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்று. எஃப்ஏஏ விதிப்படி லைசென்ஸுக்கோ ரேட்டிங்குக்கோ (லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதி) கணக்குக் காட்டும் நேரத்தையும், அண்மையில் பறந்த அனுபவத்தைக் காட்டத் தேவையானதையும் பதிவு செய்தால் போதும். ஈயாசா எல்லாப் பறப்பையும் கேட்கிறது. அமெரிக்காவில் ஐந்து வருடம் ஏனோதானோ என்று எழுதியவர் ஐரோப்பாவுக்கு மாறும்போது தவிப்பது இதனால்தான்.

கையொப்பம்? விரலால் திரையில் கிறுக்கினால் செல்லுமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின் லாக்புக் நிராகரிக்கப்படும் இடம் என்றால் முதலில் இதுதான்.

மின் கையொப்பத்தில் எதைப் பார்ப்போம் என்பதை எஃப்ஏஏ தன் 120-78 வரிசை வழிகாட்டிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கையொப்பம் அந்த ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். தெரிந்தே, வேண்டுமென்றே போட்டதாக இருக்க வேண்டும். எந்தப் பதிவுக்குப் போட்டது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். வேறொருவர் போட முடியாதபடி பாதுகாப்பு இருக்க வேண்டும். போட்டவர் பின்னால் "நான் போடவில்லை" என்று சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். யார், எப்போது போட்டார் என்று தேடிப் பிடிக்க முடிய வேண்டும்.

இப்போது ஒரு மாணவரின் டேப்லெட்டை நினைத்துப் பாருங்கள். மாணவரின் கணக்கில், மாணவர் திறந்து வைத்த திரையில், பயிற்றுநர் எஞ்சின் சூடு ஆறுவதற்குள் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறார். மாணவர் அப்புறம் அதே பதிவைத் திறந்து 1.2 மணி என்பதை 1.7 ஆக மாற்றுகிறார், கோடு அப்படியே நிற்கிறது. இது கையொப்பம் ஆகுமா? படம்தான் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் பாதி இதில் தேறாது. பயிற்றுநர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, தன் லைசென்ஸ் எண்ணோடு ஒப்பமிட்டு, அந்த நிமிடமே பதிவு பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் செல்லாது என்று காட்ட வேண்டும். ஆப் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் சோதிப்பது இதைத்தான்: ஒரு பொய்ப் பறப்பை உருவாக்கி, கையொப்பம் வாங்கி, நேரத்தை மாற்றிப் பார்ப்பேன். எதிர்ப்பே இல்லாமல் மாற விட்டால் அந்த ஆப் மாணவருக்கு ஆகாது. (சோதனை முடிந்ததும் அந்தப் பதிவை மறக்காமல் அழித்துவிட வேண்டும்.)

ஐரோப்பாவில் தனியாகப் பறந்த நேரத்தைப் பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம். மாணவர் நிலையில் பிஐசியாகவும், கேப்டனின் மேற்பார்வையில் பிஐசியாகவும் பறந்த நேரத்துக்குப் பயிற்றுநரோ கேப்டனோ கூடவே ஒப்பமிட வேண்டும். துணை விமானியாக நூறு நூறாய் நேரம் சேர்ந்திருக்கும், ஆனால் மேற்பார்வை பிஐசி நேரத்துக்குக் கேப்டன் ஒப்பம் இல்லையென்றால் அந்தக் கட்டம் பூஜ்யம்தான். அன்றைக்கே, விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அந்தக் கேப்டன் எங்கே இருப்பாரோ.

மாணவர் தனியாகப் போகும்போது ஃபோன் போதுமா?

எஃப்ஏஏ விதிப்படி மாணவ பைலட், தனியாக நீண்ட தூரம் பறக்கும் ஒவ்வொரு முறையும் லாக்புக்கைக் கூடவே எடுத்துப் போக வேண்டும். ஈயாசா, தனியாகப் போகப் பயிற்றுநர் கொடுத்த அனுமதிக்கான ஆதாரத்தைக் கேட்கிறது. மின் வடிவம் ஏற்கப்படும், ஆனால் இணையம் இல்லாத இடத்தில் திறக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு ஆப்பைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். என் மாணவர்களிடம் அனுமதிப் பக்கத்தை மட்டும் அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு தாளின் கனம்தான், பேட்டரி தீர்ந்தாலும் அது தீராது.

அதிகாரி கேட்டால் உடனே காட்ட வேண்டுமா?

அமெரிக்காவில் ஆணையமோ, விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பியின் பிரதிநிதியோ, போலீஸ் அதிகாரியோ நியாயமான முறையில் கேட்டால் காட்ட வேண்டும். ஈயாசா விதி, தேவையில்லாத தாமதம் இன்றிக் காட்டச் சொல்கிறது. மாணவர் அல்லாதவர் பொதுவாக ஒவ்வொரு பறப்பிலும் லாக்புக்கைச் சுமக்க வேண்டியதில்லை. காட்டும்போது ஃபோனையே கையில் கொடுத்துவிடாமல் பிடிஎஃப் அனுப்புவது இரண்டு பேருக்கும் நல்லது.

அச்சிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா?

லைசென்ஸ் விண்ணப்பத்துக்குப் பல ஆணையங்கள் இன்னும் அச்சுப்பிரதியோ பிடிஎஃப்போ, பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகையோடும் பைலட்டின் கையொப்பத்தோடும் கேட்கின்றன. விண்ணப்பிக்கும் ஆணையத்தின் அன்றைய வழிகாட்டியைப் படியுங்கள். நண்பர் போன வருடம் எப்படிக் கொடுத்தார் என்பதை வைத்துப் போகாதீர்கள்.

நேரம் கணக்கிடுவதில் என்ன பிரச்சினை வரப்போகிறது? ஆப்தானே கூட்டுகிறது?

ஆப் சரியாகக் கூட்டும். நீங்கள் கொடுத்தது சரியா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் நேரத்தைத் தசமத்தில் எழுதுவது வழக்கம், 0.1 என்றால் 6 நிமிடம். மற்ற பல இடங்களில் மணி:நிமிடம். ஒரு மணி 20 நிமிடப் பறப்பு முப்பது முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 40 மணி. தசமத்தில் ஒவ்வொன்றையும் 1.3 என்று எழுதினால் 39 மணி வரும், ஒரு மணி நேரம் தசமத்தை வெட்டியதிலேயே போய்விட்டது. இதையாவது விளக்கிவிடலாம். பழைய கோப்பை ஆப்புக்குள் ஏற்றும்போது 1:20 என்பதை அது 1.20 என்று படித்துவிட்டால் 36 மணிதான் நிற்கும், நான்கு மணி நேரம் காணாமல் போகும். எனக்கு அதைவிடப் பயம் எதிர்த்திசையில். 1:05 என்பது பூஜ்யம் விழுந்து 1.5 ஆகிவிட்டால், பறக்காத 25 நிமிடம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். தணிக்கையில் பார்ப்பவருக்கு அது இறக்குமதிப் பிழையா, கை வைத்ததா என்று தெரியாது. ஏற்றியதும் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, பழைய நோட்டோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் முதலாம் இணைப்பு, புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதலில் நகர்ந்த கணத்திலிருந்து கடைசியில் நிற்கும் வரை கணக்கிடச் சொல்கிறது. எஃப்ஏஏ அதில் 'தன் சொந்த சக்தியால் நகர்ந்த' என்று சேர்க்கிறது. வண்டி வைத்துப் பின்னால் தள்ளும் நேரம் இந்த இடத்தில்தான் கேள்விக்குள்ளாகிறது. ஹெலிகாப்டருக்கு ஐகாவோ கணக்கு, இறக்கைகள் சுழலத் தொடங்கியதிலிருந்து அவை நிற்கும் வரை. ஜிபிஎஸ் வைத்துத் தானே எழுதிக்கொள்ளும் ஆப்கள் எதைத் தொடக்கமாக எடுக்கின்றன என்று அமைப்புகளில் பாருங்கள், சில சக்கரம் தரையை விட்டதிலிருந்துதான் எண்ணும்.

இரவு இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் இரவு நேரமாகப் பதிய, மாலை அந்தியொளி முடிந்ததிலிருந்து காலை அந்தியொளி தொடங்கும் வரை. ஆனால் இரவில் பயணிகளை ஏற்றத் தேவையான மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கக் கணக்குக்குச் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடந்தவை மட்டும், அதுவும் விமானம் முழுதாக நின்ற தரையிறக்கங்கள், கடந்த 90 நாட்களுக்குள். ஒரே நாட்டில் ஒரே லாக்புக்கில் இரண்டு இரவுகள். ஆப் தானாக நிரப்பிய கட்டத்தை நம்பி, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிறைய.

நிறுவனத்தின் ரோஸ்டரை (பணி அட்டவணையை) அப்படியே இழுத்துக்கொள்ளலாமா?

இழுக்கலாம், விமானமே அனுப்பும் புறப்பாடு, வருகை நேரங்களிலிருந்து வருவதால் கையால் எழுதுவதைவிடத் துல்லியமாகக்கூட இருக்கும். ஐரோப்பாவில் வணிகப் பறப்புக்கு நிறுவனம் வைத்திருக்கும் கணினிப் பதிவையே லாக்புக்காக ஏற்கும் வழியும் உண்டு, நீங்கள் கேட்டால் நிறுவனம் அதைக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தை விட்டு வெளியேறும் நாளுக்கு முன்பே அந்தக் கோப்பை வாங்கிவிடுங்கள், லாகின் மூடிய பிறகு அலையாதீர்கள். திட்டமிட்ட நேரத்தையும் உண்மையில் பறந்த நேரத்தையும் ஆப் வேறுபடுத்துகிறதா என்றும் பாருங்கள். ரத்தான பறப்பு ஒன்று லாக்புக்கில் உட்கார்ந்திருந்தால் அதைப் பார்த்த பிறகு உங்கள் மற்ற வரிகளை யாரும் நம்பமாட்டார்கள்.

தப்பாக எழுதிவிட்டேன். திருத்தலாமா?

தாராளமாக. காகிதத்தில் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் இடுவோம், அடித்தது கீழே படிக்கும்படி இருக்கும். மின் லாக்புக்கும் அதைச் செய்ய வேண்டும்: முன்பு என்ன இருந்தது, எப்போது மாறியது என்ற வரலாறு தங்க வேண்டும். மாற்ற வரலாறு வைக்காத ஆப் என்றால் குறிப்புக் கட்டத்தில் நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றவர் ஒப்பமிட்ட பதிவைத் திருத்தினால் திரும்ப அவரிடமே ஒப்பம் வாங்க வேண்டும்.

வேண்டுமென்றே கூட்டி எழுதினால்?

பழைய பைலட்டுகள் இப்படி வந்த நேரத்தைப் 'பார்க்கர் 51' நேரம் என்பார்கள், வானத்தில் அல்லாமல் பார்க்கர் பேனாவில் பறந்தது. எஃப்ஏஏ விதிப்படி லாக்புக்கில் தெரிந்தே பொய் எழுதினால் உங்களிடம் உள்ள எந்தச் சான்றிதழையும் நிறுத்தி வைக்கலாம், ரத்தே செய்யலாம். மின் பதிவில் ஒவ்வொரு வரியும் எந்தத் தேதியில் உருவானது என்று இருக்கும். விமானத்தின் சொந்தக் குறிப்பேடு, எரிபொருள் ரசீது, ரேடார் தடம் எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதில் எனக்குக் கோபம் வருவது விதி மீறியதற்காக மட்டும் இல்லை. அந்த இல்லாத ஐம்பது மணி நேரத்தை நம்பி ஒருவர் பின் இருக்கையில் உட்காருகிறார்.

எக்செல் போதாதா?

உங்கள் நேரத்தைக் கூட்ட, தேட, போதும். கையொப்பத்தைப் பூட்ட அதில் நல்ல வழி இல்லை, மாணவராக இருக்கும்வரை வேண்டாம்.

காகிதத்திலிருந்து மாறுகிறேன். பழையதை எல்லாம் மறுபடி தட்ட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பழைய நோட்டின் மொத்தங்களை விமான வகை வாரியாகத் தொடக்கக் கணக்காக ஏற்றி, எந்த நோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதிவிட்டால் போதும். ஆனால் காகித நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், முதல் தனிப் பறப்பு, சோதனைகள், ரேட்டிங் ஒப்பங்கள் எல்லாம் அசல் மையில் அங்கேதான் இருக்கின்றன. ஆப்பில் இருக்கும் ஸ்கேன், அசல் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாது. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைப்பது அசல் தொலைந்தால் உதவ.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் கடைசிப் பதிவுக்குப் பிறகு 7 வருடம். அமெரிக்காவில் பயிற்றுநர் தான் கொடுத்த ஒப்பங்களின் பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் குறைந்தபட்சம். பறக்கிற வரைக்கும் வைத்திருங்கள்.

ஃபோன் போய்விட்டது, பேக்கப் இல்லை. என் நேரம் எல்லாம் போச்சா?

போகாது, ஆனால் பாடு உண்டு. எஃப்ஏஏ நடைமுறையில் தொலைந்த லாக்புக்குக்கு நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலம் கொடுக்கலாம். அதற்கு ஆதாரமாக விமானக் குறிப்பேடு, வாடகை ரசீது, நிறுவனத்தின் கடிதம், மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுதிய மொத்த நேரம் ஆகியவற்றை வைத்துத் திரும்பக் கட்டலாம். அந்த மருத்துவப் படிவத்தில் நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவர்கள் இதைப் படித்த பிறகாவது சரியாக எழுதுங்கள்.

ஆப் நிறுவனமே மூடிவிட்டால்?

அந்த ஆப்பைத் திறக்காமலேயே உங்கள் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். மாதக் கடைசியில் எக்செல் போன்றவற்றில் திறக்கும் சிஎஸ்வி கோப்பு ஒன்று, கையொப்பங்களோடு பிடிஎஃப் ஒன்று எடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் போடுங்கள். சிஎஸ்வியில் எண்கள் வரும், கையொப்பம் வராது, அதனால்தான் இரண்டும் கேட்கிறேன். சந்தா முடிந்த பிறகு ஏற்றுமதி பொத்தான் வேலை செய்யுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வந்ததும் அதையும் சேமித்து வையுங்கள்.